பி.ஏ. இங்கிலீஷுக்கு எவ்வளவு கடன் வாங்கலாம்? அக்கா மகளுக்குப் போட்டுக்கொடுத்த கணக்கு

2025 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். "இவ இங்கிலீஷ் லிட்ரேச்சர்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. நீயும் அதானே படிச்ச, நல்லாத்தானே இருக்க. லோன் போட்டுப் படிக்க வச்சிரலாமா?"

அந்த 'நல்லாத்தானே இருக்க'வில்தான் பிரச்சினையே. நான் இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பயனர் கையேடு எழுதும் வேலையில் இருக்கிறேன். சம்பளம் பரவாயில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் 42 பேர். எனக்குத் தெரிந்து இந்த வேலைக்கு வந்தது நானும் இன்னொருத்தியும்தான். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தைப் பார்த்து யாராவது கடன் வாங்கினால், மீதி 40 பேரை எண்ணாமல் விட்டதாக அர்த்தம்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய், அக்கா மகளை உட்காரவைத்து ஒரு நோட்டில் கணக்குப் போட்டோம். அந்தப் பக்கத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் என் கதை. அதில்தான் பாடம் இருக்கிறது.

நான் 2006-ல் பாளையங்கோட்டையில் பி.ஏ. சேர்ந்தேன். அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. வருஷத்துக்கு 40,000 வீதம் மூன்று வருஷத்துக்கு 1,20,000 ரூபாய் கல்விக் கடன், வட்டி 12 சதவீதம். படிக்கும்போது கட்ட வேண்டாம், படித்து முடித்து ஒரு வருஷம் கழித்துக் கட்டினால் போதும் என்றார்கள். 'கட்ட வேண்டாம்' என்றதை 'வட்டி கிடையாது' என்று நாங்கள் புரிந்துகொண்டோம். அப்படிப் புரிந்துகொள்ளாத குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

வட்டி முதல் தவணை கொடுத்த நாளிலிருந்தே ஓடும். அந்தக் காலத்தில் அது தனிவட்டி, அவ்வளவுதான் சலுகை. முதல் 40,000-க்கு நான்கு வருஷ வட்டி, இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு இரண்டு. கூட்டினால் 43,200. ஆக 2010 ஜூனில் என் தலையில் இருந்தது 1,63,200. ஐந்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை 3,630 ரூபாய்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். 2009-ல் பி.ஏ. முடித்ததும் எம்.ஏ. சேர்ந்துவிட்டேன். வங்கிக்குச் சொல்லவில்லை. சொல்லணும் என்றே தெரியாது. அவர்கள் கணக்கில் நான் படித்து முடித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. என் கணக்கில் நான் இன்னும் மாணவி. 2010-ல் எம்.ஏ. நடுவில் தவணை ஆரம்பித்தது. வந்த கடிதங்களை அப்பா பீரோவில் வைத்துவிட்டார், பிள்ளை படிப்பு கெட்டுவிடும் என்று. 90 நாள் கட்டாவிட்டால் அது வாராக்கடன். கடன் என் பெயரில் மட்டும் இல்லை, அப்பா கூட்டுக் கடன்தாரர். இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கூரை மாற்ற லோன் கேட்டுப் போனபோது, உங்கள் சிபில் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சிபில் என்றால் என்ன என்று அப்பா என்னிடம்தான் கேட்டார். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் பதிவு அது.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

ஒரே பட்டம், நாலு விலை

பி.ஏ. இங்கிலீஷ் எங்கே படித்தாலும் பாடம் ஏறத்தாழ ஒன்றுதான். விலைதான் வேறு. அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சில ஆயிரத்தில் வருஷம் முடிந்துவிடும். அடுத்தது அரசு உதவி பெறும் கல்லூரியின் ரெகுலர் பிரிவு, அதுவும் கையைக் கடிக்காது. மூன்றாவது அதே கல்லூரியின் செல்ஃப் பைனான்ஸ் பிரிவு. அதே கேட், பல இடங்களில் அதே வகுப்பறை மதியத்துக்கு மேல். கட்டணம் பல மடங்கு. நான்காவது நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம்.

ஒரே கல்லூரியில் ரெகுலரில் படித்தவளுக்கும் செல்ஃப் பைனான்ஸில் படித்தவளுக்கும் ஒரே பட்டச் சான்றிதழ்தான். இன்டர்வியூவில் எந்த ஷிப்ட் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆகவே முதல் வேலை, ரெகுலர் சீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று விசாரிப்பது. ஜூன், ஜூலையில் பொறியியல், சட்டம் என்று பிள்ளைகள் நகர நகர அந்தப் பட்டியல் இறங்கும். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே செல்ஃப் பைனான்ஸில் பணம் கட்டிவிட்டு, பிறகு இறங்கி வந்த ரெகுலர் சீட்டை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கட்டணத்தோடு விடுதி, மெஸ், பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் ஒரே கோட்டில் எழுத வேண்டும். கலைப் படிப்பில் பெரும்பாலும் ஃபீஸைவிட விடுதிதான் அதிகம். 'பி.ஏ.வுக்கு லோன்' என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் சோற்றுக்கும் கட்டிலுக்கும் வாங்குகிற லோன்.

அக்கா மகள் சென்னையில் ஒரு கல்லூரியை மனதில் வைத்திருந்தாள். எல்லாம் சேர்த்து வருஷம் ஒரு லட்சம். அதையே முதலில் போட்டுப் பார்த்தோம். வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், மூன்று லட்சம் கடன் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தனிவட்டியிலேயே 3,90,000 ஆகிறது. ஏழு வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 6,470. பத்து வருஷத்தில் என்றால் சுமார் 5,150, ஆனால் மொத்தம் கட்டுவது ஆறு லட்சத்தைத் தாண்டும். ஒன்றும் பேசாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சம்பளத்தை யாரிடம் கேட்பது

கல்லூரி நோட்டீஸில் 'உயர்ந்தபட்ச சம்பளம்' என்று ஒன்று போட்டிருப்பார்கள். அது ஒரு பிள்ளை வாங்கியது. அதில் வேலை இல்லை. அந்தத் துறையில் இரண்டு வருஷம் முன்பு முடித்த ஐந்து பேரைத் தேடிப் பிடியுங்கள். டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில், ஊர்ப் பெண்களில், எப்படியும் கிடைப்பார்கள். மூன்று கேள்விதான்: முதல் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது, கையில் வந்த சம்பளம் எவ்வளவு, இப்போதும் அதே வேலையில் இருக்கிறாயா. ஐந்து பேரில் நடுவில் இருக்கிற சம்பளத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசியிலிருந்து இரண்டாவதை எடுங்கள். கடன் என்பது மோசமான வருஷத்திலும் கட்ட வேண்டியது.

அக்கா மகள் பேசிய ஐந்து பேரில் ஒருத்தி மெட்ரிக் பள்ளியில் 9,000, ஒருத்தி சென்னையில் வாய்ஸ் பிராசஸில், அதாவது கால் சென்டரில் 15,000, ஒருத்தி பி.எட்., ஒருத்தி வீட்டில் டியூஷன், ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இதில் யாரும் சோம்பேறி இல்லை.

சென்னையில் இங்கிலீஷ் பட்டதாரிக்கென்றே ஒரு வாசல் உண்டு, அது நம் ஊர்ப்பக்கம் பலருக்குத் தெரியாது: இ-பப்ளிஷிங். வெளிநாட்டு ஆய்விதழ்கள், பாடப்புத்தகங்களை எடிட் செய்து பக்கம் கட்டித் தரும் கம்பெனிகள். நான் 2011-ல் அங்கேதான் காப்பி எடிட்டராக 11,000-க்குச் சேர்ந்தேன். என் இலக்கணம் நேரானது அங்கேதான், கல்லூரியில் இல்லை. இப்போது முதல்கட்டத் திருத்தத்தை மென்பொருளே செய்துவிடுகிறது, புதியவர்களை எடுப்பது குறைந்துவிட்டது என்று பழைய தோழிகள் சொல்கிறார்கள். கட்டுரை எழுதித் தரும் வேலையும் அப்படித்தான். அதனால் 'கன்டென்ட் ரைட்டிங் இருக்கவே இருக்கு' என்பதை நான் வருமானக் கோட்டில் சேர்க்கவிடவில்லை. கிடைத்தால் சந்தோஷம்.

மூன்று வருஷம் இல்லை, ஐந்து அல்லது ஏழு

எல்லாரும் தப்புவிடுவது இங்கேதான். பி.ஏ. செலவை ஒரு பக்கமும் ஆசிரியர் சம்பளத்தை மறு பக்கமும் எழுதிவிடுவார்கள். அந்தச் சம்பளம் பி.ஏ.வுக்கு இல்லை.

அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400-ல் தொடங்குகிறது. ஆனால் அதற்கு பி.ஏ.வோடு இரண்டு வருஷ பி.எட்., டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. 2023 அக்டோபரில் 2,222 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, அதுவும் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து. அடுத்தது எப்போது என்று காத்திருப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு. கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு 57,700-ல் தொடக்கம், அதற்கு எம்.ஏ.வோடு நெட் அல்லது செட் என்கிற தகுதித் தேர்வு, இல்லாவிட்டால் முனைவர் பட்டம். நடுவில் கௌரவ விரிவுரையாளராக எத்தனை வருஷம் ஓடும் என்பது அவரவர் தலையெழுத்து.

"டி.என்.பி.எஸ்.சி. இருக்குல்லா?" என்றாள் அக்கா. இருக்கிறது. ஆனால் குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். இளநிலை உதவியாளரின் 19,500 அடிப்படை ஊதியத்தை பி.ஏ. இங்கிலீஷின் வரவாக எழுதினால் அது நம்மை நாமே ஏமாற்றுவது. கடன் வாங்காமல் வீட்டில் இருந்து படித்தாலும் அந்தத் தேர்வை எழுதலாம். குரூப் 2, வங்கித் தேர்வு இவற்றுக்குப் பட்டம் வேண்டும், எந்தப் பட்டமும் சரி. வங்கித் தேர்வில் ஆங்கிலத் தாள் இருப்பதால் நமக்குக் கொஞ்சம் சாதகம். டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். மூன்று வருஷம் ஷேக்ஸ்பியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் புணர்ச்சி விதியில் கோட்டை விட்ட தோழி எனக்கு உண்டு.

ஆகவே நோட்டில் 'பி.ஏ.' என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டு 'பி.ஏ. + பி.எட்.' என்று எழுதினோம். ஐந்து வருஷம். அந்த இரண்டு வருஷத்துக்குப் பணம் எங்கிருந்து? பி.ஏ.வுக்கே கடன் வாங்கும் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டால், சம்பளம் தருகிற படிப்பின் வாசலில் கை காலியாக நிற்போம். எனக்கு நடந்தது ஏறக்குறைய அதுதான். பி.எட். போகத்தான் ஆசைப்பட்டேன். தவணை கழுத்தில் இருந்ததால் கிடைத்த வேலைக்கு ஓடினேன்.

பின்னாலிருந்து போடும் கணக்கு

எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியில் கேட்காதீர்கள். நாலு லட்சம் வரை சொத்துப் பிணையும் வேண்டாம், நம் பங்காக முன்பணமும் வேண்டாம். பெற்றோர் கையெழுத்து போதும். சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் நம்மால் கட்ட முடியும் என்று ஆகாது. சம்பளத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

மேலே சொன்ன விதியை மீறி நாங்கள் வாய்ஸ் பிராசஸ்காரியின் 15,000-ஐ எடுத்தோம். அவள் ஐந்து பேரில் நன்றாகச் சம்பாதிக்கிறவள்தான். 9,000-ஐ எடுத்திருந்தால் கடனே கூடாது என்று வந்திருக்கும், அதையும் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன். சென்னையில் சாப்பாட்டோடு லேடீஸ் ஹாஸ்டல் 7,500. போக்குவரத்து 1,000. போன், சோப்பு, மருந்து 1,500. வீட்டுக்கு 2,500, அனுப்ப வேண்டாம் என்று அக்கா சொன்னாள், நான் அழிக்கவிடவில்லை. மீதி 2,500.

மாதம் 2,500 கட்டினால் 10 சதவீத வட்டியில் பத்து வருஷத்தில் 1,89,000 அடையும். வருஷா வருஷம் சமமாக வாங்கி, படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்ட ஆரம்பித்தால், வாங்கிய 100 ரூபாய் 130 ஆகி நிற்கும் என்று முன்பே பார்த்தோம். 1,89,000-ஐ 1.3-ஆல் வகுத்தால் சுமார் 1,45,000. வருஷத்துக்கு 48,000. அவ்வளவுதான் எல்லை. சென்னை தானாகவே அடிபட்டுப் போனது. நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வட்டி மானியம் வரும் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி அக்காவிடம் சொல்லியிருந்தார். நாலரை லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பத்துக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. ஆனால் அது தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு. பி.ஏ. அதில் வராது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டத்தில் எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு, பத்து லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டித் தள்ளுபடி இருக்கிறது. அதற்குக் கல்லூரி அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பே போர்ட்டலில் கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நிச்சயமாக வரும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். வருஷத்துக்கு இத்தனை பேருக்கு என்று வரம்பு இருக்கிறது.

எங்களுக்குக் கைகொடுத்தது வேறொன்று. அவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பெண்கள் பள்ளி. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். அந்த ஆயிரத்தை போன் ரீசார்ஜுக்கு விடாமல் வட்டிக்குத் திருப்பினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தோம். வருஷம் 50,000 கடன் என்றால், மாத வட்டி முதல் வருஷம் 417, இரண்டாம் வருஷம் 833, மூன்றாம் வருஷம் 1,250. மூன்று வருஷத்துக்கு மொத்தம் 30,000. திட்டத்தில் வருவது 36,000. படித்து முடிக்கும்போது கடன் ஒன்றரை லட்சத்திலேயே நிற்கும், கையில் 6,000 மிச்சம். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கும் வழக்கம் பல வங்கிகளில் உண்டு, பெண்களுக்கு அரை சதவீதம் தனி. கேட்டால்தான் சொல்வார்கள். அனுமதிக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

வங்கியில்

இது சுருக்கமாக. அனுமதிக் கடிதத்தில் வட்டி மாறுமா, தவணை எந்த மாதம் ஆரம்பம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்ற மூன்றையும் பென்சிலால் கோடிட்டு மேலாளரிடம் கேளுங்கள். கடனோடு இன்சூரன்ஸ் ஒன்றைச் சேர்த்து விற்கப் பார்த்தால் கட்டாயமா என்று ஒரு தடவை கேளுங்கள். முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

மேற்படிப்பு சேர்ந்த வாரமே போனஃபைட் சான்றிதழோடு (இங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தருவது) ஒரு கடிதம் எழுதி, தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டு, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிவைப்பது வங்கியின் விருப்பம்தான், ஆனால் கேட்காதவளுக்கு எதுவும் கிடையாது. கட்ட முடியாத மாதம் வரப்போகிறது என்று தெரிந்தால் அதற்கு முந்தைய மாதமே போங்கள். நான் 2011 கடைசியில் நேரில் போனபோது அந்தக் கிளையில் இருந்த அம்மா, "இத ஒரு வருஷம் முந்தி வந்து சொல்லியிருந்தா நானே எழுதிக் கொடுத்திருப்பேனே தாயி" என்றார். கடனை 2015-ல் அடைத்தேன். அடைத்த சான்றிதழை வாங்கியது மட்டுமல்ல, சிபிலில் 'முடிந்தது' என்று ஏறியதா என்று பார்க்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைசியில் நோட்டில் இரண்டு பெயர் மிஞ்சின. திருநெல்வேலியில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி. பாளையங்கோட்டையில் ஒரு செல்ஃப் பைனான்ஸ் சீட், விடுதியோடு வருஷம் 50,000 என்று அக்கா விசாரித்து வந்தது. எல்லைக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் புதுமைப் பெண் பணம் ஈடுகட்டும். அவளுக்கு இரண்டாவதில்தான் கண். விடுதிக் கட்டணத்தில் மெஸ் சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேள் என்றேன். கேட்டாள். சேரவில்லையாம், மாதம் 3,200 தனி. பத்து மாதத்துக்கு 32,000.

அந்தக் கோட்டை அடித்துவிட்டு 82,000 என்று எழுதினாள். பிறகு அவளாகவே அடுத்த பக்கத்தைத் திருப்பி, கோவில்பட்டியிலிருந்து காலையில் திருநெல்வேலிக்கு எந்த ரயில், மாணவர் சீசன் டிக்கெட் எவ்வளவு என்று இரண்டு கேள்வி எழுதிக்கொண்டாள். "சித்தி, ரயில்ல போக வர படிக்கலாம்லா?" என்றாள். உட்கார இடம் கிடைத்தால் படிக்கலாம் என்றேன்.